‘ஹோவர்ட்ஸ் எண்ட்’ மறுவாசிப்பு: பென்சிலில் எழுதிய உயில்

பழுப்புத்தாள்

கதையின் முடிவு வரை பேசப் போகிறேன். படிக்காதவர்கள் கவனம்.

ஈ. எம். ஃபார்ஸ்டரின் ‘ஹோவர்ட்ஸ் எண்ட்’ 1910-ல் வந்த நாவல். ரொம்ப வருடம் கழித்து மறுபடி எடுத்தேன். முதல் வாசிப்பில் அது எனக்கு மார்கரெட், ஹெலன் என்ற ஷ்லேகல் சகோதரிகளின் கதை. புத்தகம், இசை, விடிய விடிய விவாதம் என்று வாழ்கிறவர்கள். எதிர்ப்பக்கம் ரப்பர் வியாபாரம் செய்யும் வில்காக்ஸ் குடும்பம். கலையா காசா என்று ஒரு வழக்கு, அதில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஷ்லேகல் கட்சி. இந்த முறை அந்த வாதமெல்லாம் பின்னால் போய்விட்டது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே கேள்விதான் ஓடுகிறது: அந்த வீடு யாருக்கு?

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக. ஹோவர்ட்ஸ் எண்ட் என்பது ஹார்ட்ஃபர்ட்ஷயரில் ஒரு பழைய செங்கல் வீடு. ஒரு காலத்தில் பண்ணை வீடாக இருந்தது. மாளிகை எல்லாம் இல்லை. பக்கத்தில் ஒரு பெரிய எல்ம் மரம், அதன் பட்டையில் யாரோ எப்போதோ செருகி வைத்த பன்றிப் பற்கள். அந்தப் பட்டையை மென்றால் பல்வலி போகும் என்று ஊர் நம்பிக்கை. வீடு ரூத் வில்காக்ஸின் பிறந்த வீட்டுச் சொத்து. கணவர் ஹென்றி, பிள்ளைகள் சார்லஸ், ஈவி, பால். ரூத்தின் கடைசி நாட்களில் மார்கரெட்டோடு ஒரு சிநேகம் உண்டாகிறது. கொஞ்ச காலப் பழக்கம்தான். குத்தகை முடிந்ததும் ஷ்லேகல்கள் பிறந்து வளர்ந்த லண்டன் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று கேட்டு ரூத் பதறிப்போகிறாள். பிறகு இறந்துபோகிறாள். அடக்கம் முடிந்த பிறகு மருத்துவ விடுதியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. கணவருக்கு எழுதியது. மார்கரெட் ஷ்லேகலுக்கு ஹோவர்ட்ஸ் எண்ட் போக வேண்டும் என்பது தன் விருப்பம் என்று பென்சிலில் ஒரே வரி. தேதி இல்லை, கையெழுத்து இல்லை. குடும்பம் கூடிப் பேசுகிறது. சீட்டைக் கிழித்து நெருப்பில் போடுகிறார்கள்.

முதல் தடவை படித்தபோது அந்த இடத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது. இப்போது கோபம் வரவே இல்லை. அவர்கள் பேசுவது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் படுகிறது, அதுதான் என்னை உறுத்துகிறது. வயதாகிவிட்டதா, இல்லை ஃபார்ஸ்டர் அப்படித்தான் எழுதியிருக்கிறாரா? உங்களுக்கு எப்படி இருந்தது?

மூன்றாம்_படி

வயதாகவில்லை, ஃபார்ஸ்டரே அப்படித்தான் எழுதியிருக்கிறார். அந்த அத்தியாயத்தில் கதைசொல்லி நடுவில் புகுந்து நேரடியாகவே கேட்கிறார்: வில்காக்ஸ்கள் வீட்டைத் தூக்கி மார்கரெட்டிடம் கொடுத்திருக்க வேண்டுமா? வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன் என்று தானே பதிலும் சொல்கிறார். சட்டபூர்வமாக எதுவும் இல்லை, நோயில் எழுதியது, புதிதாக வந்த ஒரு சிநேகத்தின் மயக்கத்தில் எழுதியது, இறந்தவளின் முந்தைய எண்ணங்கள் எல்லாவற்றுக்கும் விரோதமானது. அவர்கள் அறிந்த ரூத்துக்கே விரோதமானது.

உங்கள் வீட்டில் நடந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தாயைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். யாரோ ஒரு மூன்றாம் மனுஷிக்கு வீடு போகட்டும் என்று ஒரு சீட்டு வருகிறது. அவள் வந்து ஏதோ சொல்லி மனதை மாற்றிவிட்டாள் என்று சார்லஸ் சந்தேகப்படுவதில் என்ன தப்பு? எனக்கு வில்காக்ஸ்களை எப்போதும் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரயில் ஓட, கப்பல் ஓட யாராவது வேலை செய்ய வேண்டும். மார்கரெட்டே அதைச் சொல்வாள்.

பழுப்புத்தாள்

கதைசொல்லி அங்கேயே நிற்கவில்லையே, நண்பரே. நடைமுறை நியாயம் பேசுகிறவர்கள் இவர்களை முழுக்க விடுதலை செய்யலாம், ஆழமாகப் பார்க்கிறவர்கள் ‘கிட்டத்தட்ட’ விடுதலை செய்யலாம் என்கிறார். பிறகுதான் அந்த உண்மை வருகிறது: செத்துப்போனவள் ‘இதைச் செய்யுங்கள்’ என்றாள், அவர்கள் ‘மாட்டோம்’ என்றார்கள். வீட்டைக் கொடுக்காதது குற்றமில்லை, சரி. மார்கரெட்டிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? உனக்கு இப்படி ஒரு சீட்டு வந்தது, எங்களால் நிறைவேற்ற முடியவில்லை என்று? அதற்கு ஒரு காசு செலவில்லை. பிறகு அதே மார்கரெட்டை ஹென்றி கல்யாணம் செய்துகொள்கிறார், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை மட்டும் எனக்கு விழுங்க முடியவில்லை.

ஓரக்குறிப்பு

சட்டப் பக்கம் கொஞ்சம் பேசலாமா? இந்த நாவலைப் படிக்க அது உண்மையாகவே உதவுகிறது.

இங்கிலாந்தின் 1837 உயில் சட்டம் கேட்பது இவ்வளவு: எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவரின் கையெழுத்து வேண்டும், அந்தக் கையெழுத்தை இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருந்து பார்த்து, அவர்களும் ஒப்பமிட வேண்டும். ரூத்தின் சீட்டில் கையெழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆகவே அது உயிலே இல்லை, ஒரு ஆசை. சார்லஸின் மனைவி டாலி “பென்சில் செல்லாது” என்று துள்ளுகிறாளே, அது சட்டமில்லை. பென்சிலில் எழுதினாலும் முறைப்படி ஒப்பமும் சாட்சியும் இருந்தால் உயில் உயில்தான். ஹென்றி அவளை அடக்குவது அவள் சட்டம் தப்பு என்பதற்காகக்கூட இல்லை. அது செல்லாது என்று எல்லோருக்கும் தெரியும், பேச்சு அதைப் பற்றியதில்லை என்பதற்காக. இங்கேதான் ஹென்றியின் மீது எனக்கு ஒரு மரியாதை வந்தது. செல்லாத சீட்டு என்று முதலிலேயே தெரிந்தும் அதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொண்டு, குடும்பத்தைக் கூட்டி, வரிசையாகப் பரிசீலிக்கிறார். ஒரு கமிட்டி மாதிரிதான், ஆனாலும் பரிசீலிக்கிறார்.

இன்னொன்று. மனைவி தன் பெயரில் சொத்து வைத்துத் தன் இஷ்டப்படி எழுதிக்கொடுக்கலாம் என்பது அங்கே பொது விதியானதே 1882-ல் வந்த திருமணமான பெண்களின் சொத்துச் சட்டத்துக்குப் பிறகுதான். நாவல் வந்தபோது அந்தச் சட்டத்துக்கு 28 வயது. ரூத்தின் வீடு என்று ஒரு வீடு, அதை அவள் கணவரைக் கேட்காமல் யாருக்கோ தர நினைக்கலாம் என்பதே அன்றைய வாசகருக்குக் கொஞ்சம் புதுச் செய்தி. பிள்ளைகளுக்கு வந்த அதிர்ச்சியில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு என்று தனியாக ஒரு விருப்பம் இருந்திருக்கிறது!

தண்டவாளம்

எல்லோரும் வீட்டுக்காரர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். லெனர்ட் பாஸ்டை யாரும் நினைக்கவில்லை. நாவலில் நடந்தது இங்கேயும் நடக்கிறது.

அவன் ஒரு குமாஸ்தா. போர்ஃபிரியன் என்ற தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. புத்தகம் படித்து, கச்சேரி கேட்டு எப்படியாவது மேலே ஏறிவிடலாம் என்று நினைக்கிறவன். ஹென்றி போகிற போக்கில், அந்தக் கம்பெனி கிறிஸ்துமஸுக்குள் மூழ்கிவிடும், அவனை வெளியே வரச் சொல்லுங்கள் என்கிறார். சகோதரிகள் அதை அவனிடம் சொல்கிறார்கள். அவன் குறைந்த சம்பளத்துக்கு ஒரு வங்கிக்குப் போகிறான். அங்கே ஆள்குறைப்பு, வேலை போகிறது. போர்ஃபிரியனோ நன்றாகத்தான் இருக்கிறது. ஹென்றியிடம் கேட்டால், வாழ்க்கை அப்படித்தான், யார் மேலும் தப்பில்லை. கடைசியில் லெனர்ட் உடன்பிறந்தவர்களிடம் கைநீட்டிப் பிழைக்கிறான். அதுவும் குடும்பம்தானே? வில்காக்ஸ் வீட்டில் குடும்பம் என்றால் சொத்து. லெனர்ட் வீட்டில் குடும்பம் என்றால் தொந்தரவு தராமல் இருக்க அனுப்பும் சில்லறை.

மார்கரெட் ஒரு இடத்தில் வெட்கமில்லாமல், உண்மையாகப் பேசுவாள். நாம் எல்லோரும் பணத் தீவுகளின் மேல் நிற்கிறோம், நான் வருஷம் 600 பவுண்டு மேல் நிற்கிறேன், ஹெலனும் அப்படியே, தம்பி டிப்பிக்கு 800 வரும், நம் எண்ணங்கள்கூட 600 பவுண்டுக்காரர்களின் எண்ணங்கள்தான் என்பாள். இந்தப் பணம் அவர்கள் சம்பாதித்தது இல்லை. அப்பா அம்மா வைத்துவிட்டுப் போனது. அதாவது நாவலில் பரம்பரைச் சொத்து என்பது ஹோவர்ட்ஸ் எண்ட் மட்டுமில்லை. சகோதரிகளின் அழகான மனசே ஒரு பரம்பரைச் சொத்து.

அப்புறம் ஹெலன் குற்ற உணர்ச்சியில் லெனர்டுக்கு 5000 பவுண்டு கொடுக்கப் பார்க்கிறாள். டிப்பி மூலமாக அனுப்புகிறாள், லெனர்ட் மறுத்துவிடுகிறான். அந்தப் பணத்தை ஹெலன் என்ன செய்தாள் தெரியுமா? தரகர்கள் நல்ல யோசனை சொன்னார்கள், மறுபடி முதலீடு செய்தாள், முன்பைவிடக் கொஞ்சம் பணக்காரியானாள். ஃபார்ஸ்டர் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முழு நாவலிலும் எனக்கு மிகக் கொடூரமாகப் பட்டது அந்த வாக்கியம்தான், வாள் வருகிற இடம்கூட இல்லை.

வெயில்நேரம்

தண்டவாளம் அண்ணா, கோபம் புரிகிறது. ஆனால் லெனர்ட் ஒரு ஆளாகவே எனக்கு ஒட்டவில்லை. எதற்கெல்லாம் அவன் பயன்படுகிறான் பாருங்கள். கச்சேரியில் ஹெலன் அவன் குடையைத் தவறுதலாக எடுத்துப் போவதற்கு ஒரு ஆள். அவன் மனைவி ஜாக்கி முன்னொரு காலத்தில் சைப்ரஸில் ஹென்றியின் தொடுப்பாக இருந்தவள் என்று வெளிவருவதற்கு ஒரு ஆள். ஹெலனுக்குக் குழந்தை உண்டாக ஒரு ஆள். கடைசியில் மேலே புத்தக அலமாரி சரிந்து விழ ஒரு ஆள். தற்செயல்கள் தாங்கவில்லை. எழுத்தாளர் கேதரின் மேன்ஸ்ஃபீல்ட் தன் நாட்குறிப்பில் கிண்டல் செய்திருப்பார்: ஹெலனின் குழந்தைக்குக் காரணம் லெனர்டா, அவன் மறந்து வைத்த குடையா என்று தனக்கு எப்போதுமே நிச்சயமாகத் தெரியவில்லை என்று. அதைப் படித்ததிலிருந்து அந்தப் பகுதியைச் சிரிக்காமல் படிக்க முடியவில்லை.

தண்டவாளம்

மேன்ஸ்ஃபீல்ட் சொன்னது நல்ல நகைச்சுவை. ஆனால் லெனர்டின் தாத்தா பாட்டி யார் என்று நினைவிருக்கிறதா? ஹெலனிடம் மட்டும், வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வான்: ஒன்றுமில்லாதவர்கள், விவசாயக் கூலிகள். அவனுக்கு அது மூடி மறைக்கிற ரகசியம். அப்படிப்பட்டவனின் மகனுக்குத்தான் கடைசியில் அந்தப் பழைய பண்ணை வீடு போகிறது. மண்ணில் வேலை செய்தவர்களின் கொள்ளுப்பேரனுக்கு மண். இது தற்செயல் இல்லை, ஃபார்ஸ்டர் கணக்குப் போட்டு வைத்தது. அதைப் பார்க்க லெனர்ட் உயிரோடு இருக்கக் கூடாது என்பதும் அதே கணக்கில் சேர்ந்தது. அதனால்தான் கோபம்.

ஓரக்குறிப்பு

தண்டவாளம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தப் பையன் கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவன். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் அப்படிப் பிறந்த குழந்தை, வாரிசுரிமையைப் பொறுத்தவரை, யாருடைய குழந்தையும் இல்லை. பெற்றோர் பிறகு கல்யாணம் செய்துகொண்டால் குழந்தை முறையானதாகும் என்ற ஏற்பாடே 1926-ல்தான் வந்தது. இங்கே லெனர்டுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, ஆளும் செத்துவிட்டான், அதனால் அந்தச் சட்டம் முன்பே இருந்திருந்தாலும் பயனில்லை. ஆக, உயில் இல்லாமல் அந்த வீட்டின் ஒரு செங்கல்கூட அவனுக்குப் போகாது.

இப்போது நாவலின் இரண்டு நுனிகளையும் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு பெண் எழுதிய செல்லாத உயில். முடிவில் ஹென்றி பிள்ளைகளைக் கூட்டி வைத்து அறிவிக்கும் செல்லுபடியாகிற ஏற்பாடு: வீடு மார்கரெட்டுக்கு, அவளுக்குப் பிறகு அவள் தங்கை மகனுக்கு, தன் பணம் மார்கரெட்டுக்கு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டதால் அது பிள்ளைகளுக்கு. ரத்த உறவு என்ற பாதையில் வீடு ஒரு முறைகூட நகரவில்லை. பிறந்தவன் என்பதால் யாருக்கும் கிடைக்கவில்லை. குறிப்பிட்ட ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, பெயர் சொல்லிக் கொடுத்ததால் மட்டுமே கிடைக்கிறது. ஃபார்ஸ்டர் உயில் என்ற சாதனத்தைக் கேலி செய்கிறார் என்று பலர் சொல்வார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அவர் ரத்தத்தைத்தான் நம்பவில்லை, பேனாவை நம்புகிறார்.

நூலகப்பூனை

ஓரக்குறிப்பு, இதற்கு ஃபார்ஸ்டரின் சொந்த வாழ்க்கையே சாட்சி. அவர் பிறந்தது 1879. அடுத்த வருடமே அப்பா இறந்துவிட்டார். 1887-ல் அப்பா வழிப் பெரிய பாட்டி மேரியான் தார்ன்டன் இறந்தபோது சிறுவனுக்கு 8000 பவுண்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். கேம்பிரிட்ஜ் படிப்பு, அதற்குப் பிறகு இத்தாலிப் பயணம், வேலைக்குப் போகாமல் எழுதியது எல்லாம் அந்தப் பணத்தில். பிற்காலத்தில், 1956-ல், அந்தப் பாட்டியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தான் எழுத்தாளனாக முடிந்தது அவரால்தான், வேறு யாராலும் இல்லை என்று அதில் ஒத்துக்கொள்கிறார். ‘பணத் தீவு’ என்று மார்கரெட் சொல்வது ஆசிரியர் நின்ற தீவும்தான்.

வீடும் நிஜம். ஸ்டீவனேஜ் பக்கத்தில் ரூக்ஸ்நெஸ்ட் என்ற வீட்டில் அம்மாவும் பிள்ளையும் 1883 முதல் 1893 வரை வாடகைக்கு இருந்தார்கள். நான்கு வயதில் வந்து, பதினான்கில் வெளியே போக வேண்டியதாயிற்று. நாவலில் அந்த எல்ம் மரம், பன்றிப் பல் எல்லாம் அங்கிருந்து வந்தவை. சொந்தமில்லாத வீட்டின் மேல்தான் இவ்வளவு பிரியம்! அதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், வீட்டை ‘வைத்திருப்பவர்கள்’ பற்றியும் வீட்டைச் ‘சேர்ந்தவர்கள்’ பற்றியும் அவர் ஏன் இத்தனை பக்கம் மல்லுக்கட்டுகிறார் என்று புரியும்.

கடைசி அத்தியாயத்தில் ஹெலன் வயல்களுக்கு அப்பால் செந்துரு போல ஒன்றைக் காட்டி, லண்டன் ஊர்ந்து வருகிறது என்பாள். 1946-ல் ஸ்டீவனேஜை முதல் ‘புதிய நகரம்’, அதாவது அரசே திட்டமிட்டுக் கட்டும் ஊர், என்று அரசாங்கம் அறிவித்தது. ஃபார்ஸ்டர் எதிர்த்தார். ஆனால் போரில் குண்டு விழுந்து வீடு இழந்தவர்களுக்கு வீடு வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இரண்டையும் மனதில் பொருத்த முடியாமல் அதே வருடம் வானொலியில் பேசினார். அவரது நாவலில் மார்கரெட்டுக்கும் ஹென்றிக்கும் நடக்கிற வாதம் அவர் ஒருவருக்குள்ளேயே நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்து யாருக்குச் சொந்தமாகப் போகிறது என்பதுதான் இந்த நாவலின் கேள்வி என்று விமர்சகர் லயனல் டிரில்லிங் 1943-ல் எழுதினார். அதற்குப் பிறகு வந்த விமர்சனங்கள் பெரும்பாலும் அந்த ஒரு வரியின் மேல் கட்டிய மாடிகள்தான்.

மூன்றாம்_படி

நல்ல தகவல். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்றால் எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும். ஹென்றி நடத்துவது மேற்கு ஆப்பிரிக்க ரப்பர் கம்பெனி. இளைய மகன் பால் நைஜீரியாவில் வேலை. அந்த வீட்டையே ஒரு காலத்தில் ஹென்றியின் பணம்தான் காப்பாற்றியது. ரூத்தின் குடும்பம் நொடித்துப்போய் வீடு கைவிட்டுப் போயிருக்கும், இவர் வந்து தூக்கி நிறுத்தினார். ஆன்ம வாரிசு, மண்ணின் மணம் என்று பேசுகிறவர்கள் கூரையைப் பழுது பார்த்தவனை மறக்கக் கூடாது. ஆப்பிரிக்காவில் ரப்பர் எடுத்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று நாவல் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஹென்றியின் அலுவலகத்தில் சுவரில் ஆப்பிரிக்க வரைபடம் தொங்கும், அவ்வளவோடு சரி.

பழுப்புத்தாள்

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம்_படி சொன்ன வரைபடம் எனக்கு ஞாபகமே இல்லை, போய்ப் பார்த்தேன், இருக்கிறது.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, வைக்கோல் புல். இது இந்த வாசிப்பில்தான் கண்ணில் பட்டது. முதல் கடிதத்திலேயே ரூத் தோட்டத்தில் கை நிறையப் புல்லோடு நடந்து வருகிறாள், முகர்ந்து பார்க்கிறாள். அதே காலையில் வில்காக்ஸ் ஆண்களும் ஈவியும் தும்மிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுகிறார்கள். அந்தக் குடும்பத்தில் அவளைத் தவிர எல்லோருக்கும் புல் காய்ச்சல், புல்லின் மகரந்தம் பட்டால் தும்மல் வரும் ஒவ்வாமை. முடிவிலும் அப்படியே: ஹெலனும் குழந்தையும் வெளியே புல்வெளியில், வில்காக்ஸ்கள் கதவு சன்னல் அடைத்த அறைக்குள் சொத்து பேசுகிறார்கள். யாருக்கு வீடு என்பதை ஃபார்ஸ்டர் உயிலில் சொல்லும் முன்பே மூக்கில் சொல்லிவிட்டார். டிப்பிக்கும் அதே காய்ச்சல் என்பதால், இது ரத்தம் சார்ந்த கணக்கில்லை என்றும் ஆகிறது. ஷ்லேகலாகப் பிறந்தால் மட்டும் போதாது.

இரண்டாவது, கடைசிக் காட்சி. அதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சார்லஸ் சிறையில் இருக்கிறான். வாளின் தட்டையான பக்கத்தால் லெனர்டை அடித்தான், அலமாரி சரிந்தது, லெனர்டின் இதயம் ஏற்கெனவே பலவீனம், செத்தான். மூன்று வருடத் தண்டனை. மகன் சிறைக்குப் போனதில் ஹென்றி ஒடிந்துவிட்டார். மார்கரெட் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து ஹோவர்ட்ஸ் எண்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். ஹென்றி ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறார். பாலுக்கு வீடு வேண்டாம், அவன் ருசிக்கு அது நாட்டுப்புறமாகவே இல்லை. ஈவிக்கும் வேண்டாம். கிளம்பும்போது டாலி வாய் தவறிச் சொல்கிறாள்: அத்தை உங்களுக்குத்தான் இந்த வீட்டைக் கொடுக்கச் சொன்னார்கள், கடைசியில் உங்களுக்கே வந்துவிட்டதே, விசித்திரம்தான்!

அப்போதுதான் மார்கரெட்டுக்குத் தெரிகிறது. இத்தனை வருடமும் தன் கணவர் அதை மறைத்தார் என்று. எல்லோரும் போன பிறகு கேட்கிறாள், ஹென்றி சொல்கிறார்: ஆமாம், அவளுக்கு உடம்பு சரியில்லை, நீ அவளுக்கு உதவியாக இருந்தாய், உனக்கு ஏதாவது செய்ய நினைத்தாள், ஒரு தாளில் கிறுக்கினாள். நான் நன்றாக யோசித்துவிட்டு அதை ஒதுக்கி வைத்தேன். நீ எனக்கு என்னவாக ஆகப் போகிறாய் என்று அப்போது தெரியாதே. நான் செய்தது தப்பில்லையே? மார்கரெட், எதுவும் தப்பாக நடக்கவில்லை என்று பதில் சொல்கிறாள்.

இது மன்னிப்பா, களைப்பா? இதைப் பற்றிப் பேசத்தான் இதை ஆரம்பித்தேன்.

வெயில்நேரம்

எனக்கு அது வெற்றி. பக்கத்திலேயே ஒரு வரி இருக்கிறதே: யாரையும் ஜெயிக்க நினைக்காத அவள் வில்காக்ஸ்களுக்கு நடுவே நேராகப் புகுந்து வந்து அவர்கள் வாழ்க்கையை உடைத்துவிட்டாள் என்று. ஜெயித்தவள் தோற்றவனிடம் தப்பு கண்டுபிடிக்கத் தேவையில்லை. தாராளமாக இருக்கலாம்.

மூன்றாம்_படி

களைப்பும் இல்லை, வெற்றியும் இல்லை. உண்மையையே சொல்கிறாள். சீட்டு வந்த அன்று வீடு கையில் வந்திருந்தால் மார்கரெட் என்ன செய்திருப்பாள்? சங்கடப்பட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அவள் அப்போது அந்த வீட்டைப் பார்த்ததுகூட இல்லை! ரூத் கூட்டிப் போகக் கிளம்பி, ரயில் நிலையத்தில் ஹென்றியும் ஈவியும் எதிரே வந்துவிட்டதால் பாதியில் நின்றுபோன பயணம் அது. பிறகு இவள் அந்தக் குடும்பத்துக்குள் வந்து, அவர்களைச் சகித்து, சண்டை போட்டு, நோயாளியாகப் பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருகிற வீடுதான் அவளுடையது. காகிதம் எரிந்தது நல்லதுக்கே.

ஓரக்குறிப்பு

அப்படிச் சொன்னால் மிஸ் ஏவரியை எங்கே வைப்பீர்கள்? அந்தப் பக்கத்துப் பண்ணைக் கிழவி மார்கரெட்டை முதல் தடவை பார்க்கும்போதே, உன் நடை ரூத்தின் நடை மாதிரி இருந்தது, அவள்தான் என்று நினைத்தேன் என்கிறாள். பிறகு, வெறுமனே பாதுகாப்புக்காக வைத்த ஷ்லேகல்களின் சாமான்களை யாரும் கேட்காமலே பிரித்து, புத்தகங்களை அடுக்கி, அப்பாவின் வாளைச் சுவரில் மாட்டி, வீட்டையே தயார் செய்துவிடுகிறாள். சொத்தில் ஒரு பங்கும் இல்லாத ஒருத்திதான் ரூத்தின் விருப்பத்தை நிறைவேற்றுகிறாள். ஹென்றி மனம் மாறுவதற்கு முன்பே வீடு கைமாறிவிட்டது. ஆனால் அந்த வாளும் அலமாரியும் இல்லாமல் லெனர்ட் செத்திருக்க மாட்டான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பழுப்புத்தாள்

ஆமாம். என் பதில் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ‘எதுவும் தப்பாக நடக்கவில்லை’ என்பது மார்கரெட் ஹென்றிக்குக் கொடுக்கும் சொத்து என்று இப்போது படிக்கிறேன். அவர் அவளுக்கு வீட்டைக் கொடுத்தார். அவள் அவருக்கு நிம்மதியைக் கொடுத்தாள். ஆனால் அவளுக்கே தன் உள்ளுக்குள் ஏதோ நடுங்கியது என்று ஃபார்ஸ்டர் எழுதியிருக்கிறார், ஆகவே அவள் அதை நம்பிச் சொல்லவில்லை. ரூத் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். அந்த வீட்டோடு அந்தப் பழக்கமும் சேர்ந்தே கைமாறியிருக்கிறது, யாரும் எழுதிக் கொடுக்காமலே. இது எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடமிருந்து வாங்குவது வீடும், அந்த வீட்டு ஆண்களைக் காயப்படுத்தாமல் பேசும் வித்தையும்.

நூலகப்பூனை

படம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 1992-ல் ஜேம்ஸ் ஐவரி இயக்கியது. எம்மா தாம்ப்சனுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர், திரைக்கதைக்காக ரூத் பிராவர் ஜாப்வாலாவுக்கு ஒன்று. வனெஸ்ஸா ரெட்கிரேவ் ரூத்தாக வரும் முதல் காட்சியைப் பாருங்கள், மாலை வெளிச்சத்தில் வெளியே நடந்துகொண்டு சன்னல் வழியாகத் தன் குடும்பத்தைப் பார்ப்பார். வசனமே இல்லை. 2017-ல் பிபிசி நான்கு பகுதித் தொடராக எடுத்தது, அதில் மார்கரெட்டின் பேச்சுக்கு இடம் அதிகம். ஸேடி ஸ்மித் 2005-ல் எழுதிய ‘ஆன் பியூட்டி’ இதே எலும்புக்கூட்டின் மேல் எழுந்தது, அங்கே எழுதி வைக்கப்படுவது வீடு இல்லை, ஒரு ஓவியம். மேத்யூ லோபஸின் ‘தி இன்ஹெரிட்டன்ஸ்’ நாடகம் 2018-ல் லண்டனில் அரங்கேறியது. எய்ட்ஸில் ஒரு தலைமுறையை இழந்த நியூயார்க் ஆண்கள், வீடு, உயில். ஃபார்ஸ்டரே அதில் ஒரு பாத்திரம்.

தண்டவாளம்

கடைசியாக ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். ஜாக்கி என்ன ஆனாள்? லெனர்டின் மனைவி. ஹென்றி சின்ன வயதில் கைவிட்ட பெண், ஹெலன் படித்த மனசோடு புருஷனை வாங்கிக்கொண்ட பெண், சார்லஸ் விதவையாக்கின பெண். மூன்று பேருமே அவளுக்குக் கடன்பட்டவர்கள். கடைசி அத்தியாயத்தில் சொத்து எல்லாம் பிரிக்கும்போது அவள் பெயரே வரவில்லை. மார்கரெட் அடுத்த பத்து வருடத்தில் தன் வருமானத்தில் பாதியைக் கொடுத்துவிடப் போகிறாள் என்று ஹென்றி சொல்கிறார், யாருக்கு என்று சொல்லவில்லை.

பழுப்புத்தாள்

டாலியின் வசனத்துக்கு முன்னும் பின்னும் மறுபடி தேடிப் பார்த்தேன். இல்லை. ஜாக்கிக்கு ஒரு வரி இல்லை. அந்தப் பாதி வருமானத்தில் ஒரு பங்கு அவளுக்குப் போயிருக்கும் என்று வைத்துக்கொள்ள எனக்கு ஆசை, ஆனால் ஃபார்ஸ்டர் அதற்கு எந்த ஆதாரமும் வைக்கவில்லை.

ஓரக்குறிப்பு

லெனர்டிடம் விட்டுப்போக ஒன்றுமில்லை. ஆகவே சட்டப்படி அவளுக்கு வருவதும் ஒன்றுமில்லை.